குட்டை மீனை யாருக்கு, எப்போது விற்பது?

10 சென்ட் குட்டையில் மீன் விட்டால் கட்டுப்படியாகுமா என்று கேட்டு வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது, "யாருக்கு விக்கப் போறீங்க?" என்பதுதான். வங்கியில் கடன் மனு பார்த்த காலத்திலும் இதே கதை. செலவை வரிவரியாக எழுதியிருப்பார்கள். வரவு மட்டும் ஒரே வரி: இத்தனை கிலோ, இத்தனை ரூபாய்.

என் நோட்டில் இருப்பதைச் சொல்கிறேன். கட்லா, ரோகு, மிர்கால் மூன்றும் சேர்த்து 400 விரலிகள். 280 தேறும்; எட்டு மாதத்தில் 200 கிலோ. குஞ்சு 1,200, தவிடும் கடலைப் பிண்ணாக்கும் 9,000, சுண்ணாம்பு, சில்லறை 800. ஆக 11,000 ரூபாய். சாணம் நம்ம மாட்டுது.

மொத்தமாக எடுக்கும் வியாபாரி கிலோ 110 தருகிறார். வலை, ஆள் எல்லாம் அவருடையது. ஆனால் ஈரக்கழிவு என்று 100 கிலோவுக்கு 5 கிலோ பிடித்துக்கொள்வார். கைக்கு 20,900, மிச்சம் 9,900. முன்பணம் வாங்கியிருந்தால் விலை இன்னும் இறங்கும். அதுவும் வட்டிதான், பேர்தான் வேற.

அதே மீனைக் கரையில் வைத்துக் கிலோ 160க்கு விற்றால் 32,000. ஆனால் 200 கிலோவை ஒரே நாளில் ஊருக்குள் தள்ள முடியாது. மதியம் ஆனால் நாறிவிடும். அதனால் ஞாயிறுக்கு 25 கிலோ, எட்டு ஞாயிறு. வீச்சுவலைக்காரருக்குத் தடவைக்கு 600. செலவெல்லாம் போக 16,200 நிற்கிறது. சிறிய மீனைத் திரும்பத் தண்ணீரில் விட்டால், கூட்டம் குறைந்த குட்டையில் அது வேகமாக வளரும். பிடிப்பதற்கு முந்தின நாள் தீவனம் போடக் கூடாது. வயிறு காலியாக இருந்தால் மீன் சீக்கிரம் கெடாது.

எந்த எட்டு ஞாயிறு? புரட்டாசியில் பாதி ஊர் கவிச்சி தொடாது. கார்த்திகை, மார்கழியில் மாலை போட்டுவிடுவார்கள். கிழக்குக் கடலில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடை. கடல் மீன் வரத்து குறைந்து நம்ம மீனைத் தேடி வருவார்கள். அதற்குத் தோதாக ஆவணியில், வாய்க்காலில் தண்ணீர் ஓடும்போதே குஞ்சு விடுகிறேன். வழக்கப்படி ஜனவரி 28-ல் மேட்டூரை மூடியபின் போர்தான் கதி. போர் இல்லாதவருக்கு இந்தக் கணக்கு ஒத்துவராது. தண்ணீர் மூன்றடிக்குக் கீழே போகும்முன் அவர் வியாபாரியைக் கூப்பிட்டுவிடுவதே மேல்.

இன்னொன்று, வெட்டிக் கொடுத்தால்தான் வாங்குவாங்க. அரிவாள்மனையோடு வரும் அம்மாவுக்கு வாங்குகிறவர்களே கிலோவுக்கு 20 கொடுத்துவிடுகிறார்கள். குடலும் செதிலும் எனக்கு. அதே எடைக்கு நாட்டுச்சர்க்கரை போட்டு மூடிவைத்தால் மீன் அமிலம். கத்திரிக்கு அதைத்தான் தெளிக்கிறேன். மேலே சொன்ன 16,200-ல் அது சேரவில்லை.