பனியன் துணிக்கு நெளிதையல்

திருப்பூர்ப் பனியன் துணி, நூலை வளையம் வளையமாகக் கோத்துப் பின்னியது, இழுத்தால் நீளும். நேர்தையல் அப்படி நீளாது. தலைவழியே மாட்டும்போதே கழுத்தோரம் 'படக்'கென்று அறுந்துவிடும். ஜிக்ஜாக் தையலின் நெளிவோ, இழுக்கும்போது நிமிர்ந்து துணியோடு நீண்டு கொடுக்கும். மூட்டுத் தையலுக்கு அகலம் 1 மில்லிமீட்டர், நீளம் 2.5 மில்லிமீட்டர் போதும். முனை மழுங்கிய பால்பாயின்ட் ஊசி அவசியம். கூர் ஊசி இழையை அறுத்து ஓட்டை போடும். தைக்கும்போது துணியைக் கையால் இழுக்கவே கூடாது, ஓரம் அலையலையாகிவிடும்.

மெல்லிய துணியின் மடிப்போரத்தில் ஜிக்ஜாக்கை அகலமாக்கி, ஊசி ஒருபக்கம் துணிக்கு வெளியே இறங்கும்படி ஓட்டினால், விளிம்பு சிப்பி சிப்பியாகச் சுருங்கி அழகுபெறும்.

அந்தமானின் டெலானிபூர் போன்ற கடலோர ஊர்களில் உப்புக்காற்று ஊசியைச் சீக்கிரம் துருவேற்றும். தைத்ததும் ஊசியைக் கழற்றி, எண்ணெய் தொட்ட துணியில் செருகிவைத்து, அடுத்தமுறை நன்கு துடைத்துப் பூட்டுவது நல்லது.