ஆட்டுக்குட்டிக் காதும் அடாவடித் தேனீயும்

அழகுக்காக வளர்க்கும் செடி. அதன் இலையைச் சுரண்டிக் கூடு கட்டும் தேனீ. இடையில் அடி வாங்குவது மற்ற தேனீக்கள்.

தொட்டால் வெல்வெட். வெள்ளிச் சாம்பல் நிறத்தில், விரல் நீளத்துக்கு, மெத்தென்ற மயிர் மூடிய இலை. ஆங்கிலேயர்கள் 'லாம்ப்ஸ் இயர்' - ஆட்டுக்குட்டியின் காது - என்று பெயரிட்டதில் வியப்பில்லை. தாவரவியல் பெயர் ஸ்டாக்கிஸ் பைசான்டினா. துருக்கி, ஆர்மீனியா, ஈரான் பகுதிகள் பூர்வீகம். துளசியின் குடும்பத்தைச் சேர்ந்தது. ஒருமுறை நட்டால் பல ஆண்டுகள் தழைக்கும்.

இலையின் மயிர் அழகுக்காக முளைத்ததல்ல. அது வெயிலைத் திருப்பியடிக்கிறது. ஈரம் ஆவியாவதைக் குறைக்கிறது. வறண்ட, கல் நிறைந்த மண்ணில் செடி பிழைப்பது இதனால்தான். ஆனால் மழையும் புழுக்கமும் தொடர்ந்தால் அதே மயிர் நீரைப் பிடித்துக்கொள்ள, இலை அழுகிவிடும்.

ஐரோப்பிய, அமெரிக்கத் தோட்டங்களில் பாத்தியின் ஓரத்தில் இதை வரிசையாக நடுகிறார்கள். இலைக்குத்தான் மவுசு. ஊதாப் பூந்தண்டு எழுந்தால் பலர் நறுக்கிவிடுகிறார்கள். அரிதாகவே பூக்கும் 'சில்வர் கார்ப்பெட்' என்ற ரகமும் உண்டு.

இலை, பூ இரண்டையும் நாடி வருவது ஆந்திடியம் மானிகாட்டம் என்ற ஐரோப்பியத் தேனீ. இதற்கு ராணியும் இல்லை, கூட்டமும் இல்லை. தனித்து வாழும் இனம். பெண் தேனீ இலை மயிரைத் தாடையால் சுரண்டி, உருண்டையாக்கித் தூக்கிச் செல்கிறது. மரப் பொந்திலோ சுவர் ஓட்டையிலோ அதைப் பரப்பி, மகரந்தமும் மதுவும் சேர்த்து, முட்டையிடுகிறது.

ஆணின் வேலை காவல். பெண் தேனீ தேடி வரும் பூக்களைத் தன் எல்லையாக்கிக்கொண்டு, வேறு எந்தத் தேனீ வந்தாலும் விரட்டுகிறது. அதற்குக் கொடுக்கு இல்லை. வயிற்றின் நுனியில் ஐந்து முட்கள் உண்டு. மோதலில் 'பம்பிள் பீ' எனப்படும் குண்டுத் தேனீக்களின் இறக்கை கிழிவதும் உண்டு.

பிரச்சினை இந்தத் தேனீ ஊர் விட்டு ஊர் போனதுதான். 1960களில் நியூயார்க் மாநிலத்தில் தென்பட்டது. 2007இல் கலிபோர்னியாவை எட்டியது. நியூசிலாந்தில் 2006இல் கண்டறியப்பட்டது. போன இடத்திலெல்லாம் அதற்குப் பழகிய செடி தோட்டங்களில் தயாராக இருந்தது; பஞ்சுக்கும் பஞ்சமில்லை, மதுவுக்கும் பஞ்சமில்லை.

பூந்தண்டை நறுக்கினால் ஆண் தேனீ இடத்தைக் காலி செய்யலாம். ஆனால் அந்த மதுவை நம்பி வரும் உள்ளூர்த் தேனீக்களும் பட்டினியாகத் திரும்பும். இலையின் அழகை மட்டும் பார்த்து நட்டவர்கள், இனி அதைச் சுற்றி யார் பறக்கிறார்கள் என்பதையும் பார்த்தாக வேண்டும்.