கண்ணாடி இழையும் ஜீவனோபாயமும்

செப்புக் கம்பி வேலையிற் பழகியவர்களும், பட்டம் பெற்றும் உத்தியோகம் வாய்க்கப்பெறாத நம் பழைய மாணவர் சிலரும், ஒளியிழைத் தொழிலைப் புதிதாகக் கற்றுக்கொண்டால் பிழைப்புக்கு வழியுண்டாகுமா என்று வினவுகின்றனர். பயிற்சிக்குப் பொருளும் காலமும் செலவிடுமுன் இவ்விஷயத்தைச் சற்றே ஆராய்தல் நலம்.

ஒளியிழையாவது, ஒரு மில்லிமீட்டரில் எட்டிலொரு பங்கே பருமனுடைய கண்ணாடி நூலாம். தூய கண்ணாடியினூடே ஒளியைக்கொண்டு செய்திகளை நெடுந்தூரம் அனுப்பக்கூடுமென்று 1966-இல் எடுத்துக்காட்டிய சார்லஸ் காவோ என்னும் அறிஞர், 2009-இல் நோபெல் பரிசு பெற்றார். நம் தேசத்தில் கிராமப் பஞ்சாயத்துக்களை இவ்விழையால் இணைக்கும் திட்டத்திற்கு அரசாங்கத்தார் 2011-இல் இசைவளித்தனர். பின்னர் பாரத்நெட் எனப் பெயர்பெற்ற அத்திட்டம், 2023 ஆகஸ்டில் 1,39,579 கோடி ரூபாய் மதிப்பில் திருத்தியமைக்கப்பட்டது. ஆதலின் வேலையே இல்லை யென்பதற்கில்லை. எத்தகைய வேலை என்பதே கேள்வி.

இத்தொழிலில் இரு பகுதிகள் உள. பள்ளந் தோண்டிக் குழாய் பதித்துக் கேபிளை இழுப்பது ஒன்று. இதற்குப் பலர் வேண்டும். ஆனால் தடம் முடிந்தவுடன் அவ்விடத்து வேலையும் முடிந்துவிடும். இழைகளை இணைத்துச் சோதிப்பது மற்றொன்று. மேலுறையை நீக்கி, இழையைத் துடைத்து, நுனியை நேராக வெட்டி, ஸ்பிளைசிங் இயந்திரத்தில் வைத்தால், மின்பொறியின் வெப்பத்தால் இரண்டும் உருகி ஒன்றாகும். சிறு தூசியோ கோணலான வெட்டோ இணைப்பைக் கெடுத்துவிடும். பின்னர் ஓ.டி.டி.ஆர். என்னும் கருவி, இழைக்குள் ஒளியைச் செலுத்தித் திரும்பிவரும் ஒளியை அளந்து, பழுது எத்தனை மீட்டர் தூரத்தில் உள்ளதெனக் காட்டும். சாலை தோண்டும்போது கேபிள் அறுபடுவது ஓயாத நிகழ்ச்சி. அறுபட்ட இடத்தை விரைந்து கண்டு இணைக்க வல்லவனுக்கு, பதிக்கும் வேலை முடிந்த பின்னும் தேவையுண்டு.

ஆகவே பயிற்சி நிலையத்தாரிடம் கேட்கவேண்டிய முதற்கேள்வி, எம் கையால் எத்தனை இணைப்புகள் செய்யவிடுவீர் என்பதே. சான்றிதழ் வாயிலைத் திறக்கும். உள்ளே நிலைக்கச் செய்வது கைப்பழக்கமே. பெரும்பாலும் ஒப்பந்தக்காரரிடமே வேலை கிடைப்பதால், கூலி, பிரயாணச் செலவு, விபத்துக் காப்பீடு ஆகியவற்றை எழுத்தில் பெறுதல் அவசியம். கண்ணாடித் துணுக்குகள் தோலிற் குத்தும்; இழையினுள் ஓடும் கண்ணுக்குப் புலனாகா ஒளி விழிக்குத் தீங்கு செய்யும். இவற்றிற்குரிய எச்சரிக்கையைக் கற்பிக்காத பயிற்சி பயிற்சியாகாது.

கம்பிவேலை அறிந்தவர்க்குக் கம்பமும் குழியும் புதியனவல்ல. இழைக்குரிய தூய்மையும் நிதானமும் மட்டுமே அவர்க்குப் புதிய பாடம். பட்டதாரிகளுக்கோ, வரைபடம் பார்த்தலும் சோதனைக் குறிப்பு எழுதலும் மேற்பார்வைப் பதவிக்குப் படியாகும். ஆனால் முதலில் அவர்களும் கையில் மண்படத் துணிதல் வேண்டும். கூடாரத் தொழில் செய்து உண்ட பவுல் அப்போஸ்தலரைப் பற்றிக் கேட்டு வளர்ந்த நம் கல்லூரி மாணவர்க்கு அஃது இழிவாகத் தோன்றாதென்று நம்புகின்றோம்.