வலைத்தளக் கடையும் அதன் காவல் விதிகளும்

வாணிகத்தின் உயிர் நாணயம் என்பதை யாவரும் அறிவர். முன்னாளில் அது நிறைகோலிலும் பேரேட்டிலும் விளங்கிற்று. கடை இணையத்தில் ஏறிய இந்நாளிலே அது சில வரி நிரல்களில் தங்கியுள்ளது. அவ்வரிகளை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

திருகோணமலையிலிருந்து கிண்ணியாவுக்குச் சென்றோர் ஒரு காலத்தில் ‘பாதை’ எனப்படும் மிதவையேறியே நீரைக் கடந்தனர். 2009 ஆம் ஆண்டில் 396 மீற்றர் நீளமான பாலம் திறக்கப்பெற்றதும் அத்தடை நீங்கியது. வலைத்தளக் கடையும் ஒரு பாலம் போன்றதே. கிண்ணியாவில் எருமைத் தயிர் விற்கும் சிறு வியாபாரி ஒருவர் அத்தகைய கடையொன்றைத் திறக்கிறார் எனக் கொள்வோம்.

அக்கடைக்கு இரு பகுதிகள் உண்டு. வாங்குபவரின் கைப்பேசியில் தோன்றும் பக்கம் ஒன்று. கடைக்காரரின் கணக்குகள் உறையும் ‘வழங்கி’ என்னும் கணினி மற்றொன்று. முன்னையது கடையின் முகப்பு, பின்னையதே பேரேடு. வாங்குபவரின் கையிலுள்ள பக்கத்தை அவர் விரும்பியவாறு மாற்றிவிடலாம். ஆகவே, 600 ரூபாய்ச் சட்டியை 6 ரூபாய் எனத் திருத்தி அனுப்புவதும் இயலும். இதனைத் தடுக்கும் முதல் விதி பின்வருமாறு:

தொகை = வழங்கியிலுள்ள விலை × கேட்ட எண்ணிக்கை

வாங்குபவரிடமிருந்து பொருளின் பெயரையும் எண்ணிக்கையையும் மட்டுமே ஏற்றல் வேண்டும். எண்ணிக்கை ஒன்றுக்குக் குறையாத முழு எண்தானா என்பதையும் சோதித்தல் வேண்டும். விலையை ஒருபோதும் அவரிடம் கேட்டல் ஆகாது.

இரண்டாவது விதி, பணத்தைச் சதக் கணக்கில் முழு எண்ணாக எழுதுவதாகும். கணினி பின்னங்களை இரும எண்களாகவே வைத்திருப்பதனால், பல நிரல்மொழிகளில் 0.1 உடன் 0.2 ஐக் கூட்டினால் 0.30000000000000004 என விடை வரும். 600 ரூபாயை 60000 சதம் எனக் குறித்தால் இவ்விடர் இல்லை.

மூன்றாவது விதி இருப்பைப் பற்றியது. எஞ்சியிருப்பது ஒரே சட்டி. அதனை ஒரே நொடியில் இருவர் கேட்கின்றனர். முதலில் இருப்பைப் பார்த்து, அதன்பின் தனியாகக் குறைக்கும் நிரல், இருவருக்கும் ‘உண்டு’ என விடையளித்துவிடக் கூடும். ஆதலின் இரண்டையும் தரவுத்தளத்துக்கு ஒரே கட்டளையாக இடுக:

இருப்பு ≥ கேட்டது எனின், இருப்பு = இருப்பு − கேட்டது

ஒரு வரிசை மாறிற்று என விடை வந்தால் விற்பனை உறுதி. எதுவும் மாறவில்லையெனின் பொருள் தீர்ந்தது. இலங்கையில் 2006 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்க இலத்திரனியல் கொடுக்கல்வாங்கல் சட்டத்தின்படி, மின்வடிவில் அமைந்தது என்ற ஒரே காரணத்தால் ஓர் ஒப்பந்தம் செல்லாததாகிவிடாது. எனவே ஒரு சட்டியை இருவருக்கு விற்பது வெறும் கணக்குப் பிழையன்று. கொடுத்த வாக்கு முறிவதுமாகும்.

நான்காவது விதி, பணம் வந்ததை உறுதிசெய்தல். ‘நன்றி’ என்னும் பக்கத்தை வாங்குபவர் அடைந்தமை பணம் செலுத்தியதற்குச் சான்றாகாது. கட்டணச் சேவை நிறுவனம் வழங்கிக்கு நேரே அனுப்பும் அறிவித்தலையே நம்புதல் வேண்டும். அதிலுள்ள மறைக்குறி, தொகை, கட்டளை இலக்கம் ஆகிய மூன்றும் பொருந்துகின்றனவா என நோக்குக. அதே அறிவித்தல் மீண்டும் வரக்கூடுமாதலால், முன்னரே பதிவான இலக்கத்தை இருமுறை வரவு வைத்தலாகாது.

இனி, கடையை இணையத்தில் ஏற்றும் முறை. 2010 ஆம் ஆண்டு முதல் ‘.இலங்கை’ எனத் தமிழில் முடியும் முகவரிகளும் நடைமுறையிலுள்ளன. தகவல்களை மறைத்து அனுப்ப உதவும் சான்றிதழை ‘லெட்ஸ் என்கிரிப்ட்’ என்னும் அமைப்பு இலவசமாக வழங்குகின்றது. அது குறுகிய காலத்தில் முடிவடைவதால், புதுப்பிக்கும் பணியைத் தன்னியக்க நிரலுக்கே விடுக. இரகசியச் சாவிகளை நிரலுக்குள் எழுதாது வேறாக வைத்தலும், நாள்தோறும் தரவுகளின் பிரதியை வேறோரிடத்தில் சேமித்தலும் இன்றியமையாதன.

‘வூகொமர்ஸ்’ போன்ற ஆயத்த மென்பொருள்கள் இவற்றுட் பெரும்பாலானவற்றைத் தாமே செய்கின்றன. ஆயினும் எங்கிருந்தோ எடுத்த நிரல்துண்டொன்றை ஆராயாது ஒட்டும்போது பிழை நுழைந்துவிடுகிறது. கணினி பயிலும் எங்கள் கல்லூரி இளைஞர்கள், ஊர் வியாபாரிகளுக்குக் கடை அமைத்துக் கொடுக்கும்போது, ஒவ்வொரு வரியையும் பொருளறிந்து எழுதுவாராக. கடையின் அழகு வாங்குவோரை ஒருமுறை அழைக்கும். கணக்கின் நேர்மையே அவர்களை மறுமுறையும் வரச்செய்யும்.