உப்பை இழக்கும் குழந்தைகள்

நன்றாகப் பால் குடித்துக்கொண்டிருந்த ஆண் குழந்தை, இரண்டாம் வாரத்தில் வாந்தி எடுத்துச் சோர்ந்துபோகிறது. எடை குறைகிறது. பால் சேரவில்லை என்று வீட்டில் கைவைத்தியம் பார்ப்பார்கள். ஆனால் அது சி.ஏ.எச். எனப்படும் பிறவி அட்ரீனல் குறைபாடாகவும் இருக்கலாம். அப்படியானால் ஒவ்வொரு மணி நேரமும் முக்கியம்.

சிறுநீரகங்களின் மேல் தொப்பிபோல் அமர்ந்திருக்கும் அட்ரீனல் சுரப்பிகள் கார்டிசாலையும் ஆல்டோஸ்டிரோனையும் சுரக்கின்றன. இந்நோயில் பெரும்பாலும் 21-ஹைட்ராக்சிலேஸ் என்னும் நொதி குறைவதால் இரண்டும் போதிய அளவு சுரப்பதில்லை. சோடியம் சிறுநீரில் வெளியேறிவிடும், ரத்தத்தில் பொட்டாசியம் ஏறும், சர்க்கரை சரியும். மிஞ்சும் மூலப்பொருள் ஆண் ஹார்மோனாக மாறுகிறது. அதனால் பெண் குழந்தையின் பிறப்புறுப்பு மாறுபட்டிருக்கும். மருத்துவர் பிறந்த அன்றே சந்தேகிப்பார். ஆண் குழந்தையிடம் அப்படி எதுவும் பளிச்சென்று தெரிவதில்லை. கண்டறியப்படாமல் தப்பிப்போவது பெரும்பாலும் ஆண் குழந்தைகள்தான்.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் மும்பை, சென்னை உள்ளிட்ட ஐந்து நகரங்களில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பச்சிளங்குழந்தைகளைப் பரிசோதித்தது. 5,762 பேரில் ஒருவருக்கு இக்குறைபாடு இருந்தது. மும்பையில் 9,983-க்கு ஒன்று. சென்னையிலோ 2,036-க்கு ஒன்று! தாய், தந்தை இருவரிடமும் பழுதான மரபணு இருந்தால் ஒவ்வொரு பிரசவத்திலும் 25 சதவீத வாய்ப்பு உண்டு. சொந்தத்தில் மணந்தால் இருவரிடமும் அதே மரபணு இருக்கும் வாய்ப்பு கூடும். மும்பையில் தாராவியிலோ செம்பூரிலோ மாட்டுங்காவிலோ குடியேறித் தலைமுறைகள் கடந்தும் மாமன் மகள், அத்தை மகன் என்று சொந்தத்திலேயே சம்பந்தம் செய்யும் குடும்பங்கள் இதைக் கூடுதல் கவனத்தோடு படிக்க வேண்டும்.

குதிகாலில் எடுக்கும் சில சொட்டு ரத்தமே முதற்கட்டப் பரிசோதனைக்குப் போதும். சிகிச்சையும் எட்டாததல்ல: ஹைட்ரோகார்டிசோன் மாத்திரை நாளுக்கு மூன்று வேளை, உப்பைத் தக்கவைக்க ஃப்ளூட்ரோகார்டிசோன், முதல் வயதில் கொஞ்சம் உப்பும். வளர்ச்சியைப் பார்த்து மருத்துவர் அளவை மாற்றுவார். ஆயுள் முழுக்கத் தொடர வேண்டும். 'ஸ்டீராய்டு' என்ற பெயருக்குப் பயந்து நிறுத்துவதுதான் உயிருக்கு ஆபத்து. உடல் சுரக்கத் தவறியதைத்தானே ஈடுகட்டுகிறோம்? காய்ச்சல் வந்தால் மருத்துவர் சொல்லிவைத்தபடி ஹைட்ரோகார்டிசோன் அளவை இரண்டு, மூன்று மடங்காக்க வேண்டும். வாந்தியில் மாத்திரை தங்காவிட்டால் ஊசிதான், தாமதிக்கக் கூடாது.

பிறந்து சில வாரமே ஆன குழந்தை தொடர்ந்து வாந்தி எடுத்து எடை குறைந்தால், மும்பையில் சயான் மருத்துவமனைக்கோ பரேலில் உள்ள வாடியா குழந்தைகள் மருத்துவமனைக்கோ உடனே கொண்டுசெல்லுங்கள். சோடியம், பொட்டாசியம் பார்த்தீர்களா என்று கூச்சமில்லாமல் கேளுங்கள்.