கிபிர் மேம்பாடு: ராடாருக்கு இடம் உண்டு, ராடார் எங்கே?

பாதுகாப்பு அமைச்சின் ஒதுக்கீடு வாக்கெடுப்புக்கு வரவிருக்கும் வேளையில், கற்பிட்டி, பாலாவி, நுரைச்சோலை வாசகர்களின் கடிதங்கள் கேட்பது ஒன்றுதான்: இலங்கை விமானப்படையின் பழைய கிபிர் போர் விமானங்கள் புதியவை ஆகிவிட்டனவா? கற்பிட்டி சுடுதளத்தை ஒட்டி வாழ்பவர்களுக்குக் கிபிர் என்னவென்று விளக்கத் தேவையில்லை. ஐந்து விமானங்களுக்காக 2021 ஜூனில் இஸ்ரேல் ஏரோஸ்பேஸ் இண்டஸ்ட்ரீஸுடன் செய்த 50 மில்லியன் டொலர் ஒப்பந்த அறிவிப்பைத்தான் நிதானமாகப் படிக்க வேண்டும். அதன்படி, பழைய மின்னணுக் கருவிகள் மாற்றப்படும். நவீன ராடார், உணரிகள், தொடர்பாடல் கருவிகள், தலைக்கவசம் ஆகியவற்றைப் பொருத்த விமானம் தயார் செய்யப்படும். அதாவது வயர் இழுத்து, இடம் ஒதுக்கி வைப்பார்கள். ராடார் வாங்கப்பட்டது என்று அதற்குப் பொருள் கொள்ள முடியாது.

இடம் விட்டு வைப்பது கெட்டித்தனமான வழிதான். போர் விமானம் முப்பது, நாற்பது ஆண்டு பறக்கும். அதன் கணினி பத்தே ஆண்டில் பழசாகிவிடும். ஆனால் வெற்றிடம் மட்டும் போதாது; மின்சாரம், குளிரூட்டல், எடைச் சமநிலை மூன்றிலும் மிச்சம் வேண்டும். கிபிரின் உடம்பே இதற்குச் சாட்சி. பிரான்சின் மிராஜ் 5 உடலுக்குள் அமெரிக்க ஜே79 எஞ்சினை வைத்தபோது காற்றும் போதவில்லை, சூடும் தாங்கவில்லை. பின்னுடலை அகலமாக்கி, செங்குத்து வாலின் அடியில் புதிதாக ஒரு காற்றுவாயைத் திறந்தார்கள். படங்களில் அது தெளிவாகத் தெரியும். சி2 வகையின் ஒடுங்கிய மூக்கில் தூரம் அளக்கும் சிறு ராடார்தான் இருந்தது. பிந்திய சி10 வகையில் முழு ராடார் வைக்க மூக்கையே பெரிதாக்க வேண்டி வந்தது. அமெரிக்காவின் எஃப்-35 போர் விமானத்துக்கும் இதே சிக்கல்: குளிரூட்டல் போதாமல் எஞ்சின் வரம்பு மீறி உழைக்கிறது, அந்தத் தேய்மானத்துக்கு 38 பில்லியன் டொலர் கூடுதலாகும் என்று அமெரிக்க அரசின் கணக்காய்வு அலுவலகமே 2023இல் சொன்னது.

கடனில் மூழ்கிய நாட்டுக்கு வேறு வழி என்ன என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. விமானத்துக்கு 10 மில்லியன் டொலர் என்பது புதியதன் விலையோடு பார்த்தால் மலிவு. வேலையை நம் விமானப்படையினரே இங்கு செய்யக் கற்பதும் உண்மையான லாபம். ஆனால் பின்னால் வாங்கப்போகும் ராடாரின் விலையைச் சேர்க்காமல் மலிவு என்று சொல்வது அரைக் கணக்கு.

மேம்படுத்தினால் கிபிரின் இரைச்சல் குறையுமா? அறிவித்த பட்டியலில் எஞ்சின் இல்லை, குறையாது.

ஆயுள் கூடுமா? மின்னணுக் கருவிகளால் உலோகக் களைப்பு தீராது.

புத்தளம் மாவட்ட நாடாளுமன்ற உறுப்பினர்கள் வாக்களிக்கும் முன் அவர்களிடம் கேளுங்கள்: ராடார் வாங்கியாயிற்றா, என்ன விலைக்கு, எத்தனை விமானங்களுக்கு?