முப்பது வீட்டு ரசமும் முப்பது போர்வெல் தண்ணீரும்: பி.சி.ஏ. எப்படி இயங்குகிறது?

தருமபுரி மாவட்டத்தில் தண்ணீரைப் பற்றி எங்கே பேச்செடுத்தாலும் அது ஃபுளோரைடில்தான் போய் நிற்கும். பென்னாகரம், பாலக்கோடு பக்கம் பல்லில் பழுப்புக் கறையோடு வளர்ந்தவர்கள் ஏராளம். முதுகும் மூட்டும் இறுகிப்போன பெரியவர்களும் உண்டு. இதற்காகவே ஜப்பானியக் கடனுதவியோடு, சுமார் 1,928 கோடி ரூபாயில், ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் தீட்டப்பட்டு 2013இல் தொடங்கி வைக்கப்பட்டது. காவிரித் தண்ணீர் குழாயில் வந்த பிறகும் போர்வெல்கள் ஓய்ந்துவிடவில்லை. ஆகவே, போர் தண்ணீரைப் பாட்டிலில் பிடித்து ஆய்வகத்துக்கு அனுப்பும் வேலையும் ஓயவில்லை.

ஒரு முதுகலை மாணவி அரூர் முதல் நல்லம்பள்ளி வரை முப்பது போர்வெல்களில் தண்ணீர் பிடித்துக் கொடுத்திருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். திரும்பி வருவது ஒரு அட்டவணை. கிணற்றுக்கு ஒரு வரிசை. பத்திகளில் பி.ஹெச்., மின்கடத்துதிறன், கால்சியம், மெக்னீசியம், சோடியம், பைகார்பனேட், குளோரைடு, சல்ஃபேட், நைட்ரேட், ஃபுளோரைடு. ஆக 300 எண்கள். "இதை பி.சி.ஏ. போட்டுப் பார்" என்பார் வழிகாட்டிப் பேராசிரியர். முதன்மைக் கூறு பகுப்பாய்வு என்பது அதன் முழுப்பெயர். மென்பொருளுக்கு ஒரு நொடி வேலை. திரையில் புள்ளிகளும் சிவப்பு அம்புகளுமாக ஒரு படம் வந்துவிடும். அதைப் பார்த்து என்ன எழுதுவது என்பதில்தான் மாதக்கணக்கில் ஆய்வு அறிக்கைகள் தேங்குகின்றன.

அடுப்படிக்குப் போவோம். தண்ணீருக்குப் பதிலாக முப்பது வீட்டு ரசத்தைக் கிண்ணத்தில் வாங்கி வந்து, ஒவ்வொன்றிலும் புளி, உப்பு, மிளகாய், மிளகு, சீரகம், பூண்டு, தக்காளி, பெருங்காயம் எவ்வளவு என்று அளந்துவிட்டதாகக் கொள்ளுங்கள். எட்டுப் பொருள்கள், எட்டுப் பத்திகள். ஆனால் சமைக்கிற கை எட்டுப் பொருளையும் தனித்தனியே தீர்மானிப்பதில்லை. புளியைக் கூடுதலாகக் கரைத்த வீட்டில் உப்பும் மிளகாயும் தானாகக் கூடும். இல்லையென்றால் வாயில் வைக்க முடியாது. மிளகு தட்டிப் போடுகிற வீட்டில் சீரகமும் பூண்டும் கூடவே உரலில் விழும். தக்காளியைத் தாராளமாகப் பிசைந்து விடுகிற வீட்டில் மிளகு கொஞ்சம் பின்வாங்கும். பார்க்கப்போனால் எட்டுப் பத்திகளுக்குப் பின்னால் இருப்பவை இரண்டு மூன்று பழக்கங்கள்தாம். ரசத்தை நாக்கில் வைத்ததும் நாம் சொல்வதும் அவற்றைத்தான். முதலில் "நல்லா உறைப்பா இருக்கு" அல்லது "தண்ணியா இருக்கு." அதன் பிறகுதான் "இது மிளகு ரசம், அது தக்காளி ரசம்." யாரும் சீரகம் எத்தனை கிராம் என்று தொடங்குவதில்லை.

பி.சி.ஏ. செய்வது இவ்வளவே. எந்தெந்தப் பொருள்கள் சேர்ந்து ஏறி சேர்ந்து இறங்குகின்றன என்று பார்த்து, முப்பது ரசங்களையும் ஒன்றிலிருந்து ஒன்று மிக அதிகமாகப் பிரித்துக் காட்டும் ஒரு கலவையைக் கண்டுபிடிக்கிறது. அது முதல் கூறு. அதோடு தொடர்பே இல்லாத கலவைகளில் அடுத்தபடியாக அதிகம் பிரித்துக் காட்டுவது இரண்டாம் கூறு. இப்படியே எட்டு வரை போகலாம். கடைசிக் கூறுகளில் பெரும்பாலும் கைநடுக்கமும் அளவுப் பிழையும்தான் மிஞ்சும். கார்ல் பியர்சன் 1901இல் இதை வடிவியலாக எழுதினார். இன்றைய வடிவமும் பெயரும் 1933இல் ஹெரால்டு ஹோட்டலிங்கிடமிருந்து வந்தவை.

கணக்கை ஒருமுறையாவது கையால் போட்டுப் பார்த்தால் மென்பொருள் மீதான பயம் தெளிந்துவிடும். புளி, உப்பு என்ற இரண்டை மட்டும் எடுப்போம். இரண்டுக்கும் உள்ள ஒட்டுறவுக் கெழு 0.8 என்று வைத்துக்கொள்வோம். சராசரியைக் கழித்து, திட்ட விலக்கத்தால் வகுத்துவிட்டால், இரண்டு கூறுகளின் ஐகன் மதிப்புகள், அதாவது ஒவ்வொரு கூறும் தாங்கும் வேறுபாட்டின் அளவுகள், 1.8ம் 0.2ம். கூட்டினால் 2, அதாவது பத்திகளின் எண்ணிக்கை. 1.8ஐ 2ஆல் வகுத்தால் 90 சதவீதம். முதல் கூறு ஒன்றே இந்த ரசங்களுக்கிடையே உள்ள வேறுபாட்டில் 90 சதவீதத்தைத் தூக்கிக்கொண்டது. அதில் புளியின் எடை 0.707, உப்பின் எடையும் 0.707. ஒரு வீட்டு ரசத்தில் புளி சராசரிக்கு மேலே 1.5 திட்ட விலக்கமும் உப்பு 1.1ம் இருந்தால், அந்த வீட்டின் ஸ்கோர் 0.707 பெருக்கல் 2.6, அதாவது 1.84. இரண்டாம் கூறில் புளியிலிருந்து உப்பைக் கழிக்க வேண்டும்: 0.707 பெருக்கல் 0.4, ஏறக்குறைய 0.28. "உறைப்பான ரசம், புளிக்கு உப்பு ஒரு துளி குறைவு" என்று நாக்கு சொல்லியிருப்பதை எண் சொல்கிறது.

திட்ட விலக்கத்தால் வகுத்தோமே, அந்த இடத்தில்தான் பலர் வழுக்குகிறார்கள். புளி எலுமிச்சை அளவு, பெருங்காயம் ஒரு சிட்டிகை. எல்லாவற்றையும் கிராமில் அப்படியே கொடுத்தால் பெருங்காயம் இருக்கிற இடம் கணக்குக்குத் தெரியாது. தண்ணீரில் இது இன்னும் மோசம். மின்கடத்துதிறனின் திட்ட விலக்கம் 800 என்றும் ஃபுளோரைடின் திட்ட விலக்கம் 0.8 என்றும் இருந்தால், பரவற்படி 6,40,000க்கு எதிரே 0.64. பத்து லட்சம் மடங்கு. முதல் கூறு என்று வருவது மின்கடத்துதிறன் பத்தியின் நகலாக மட்டுமே இருக்கும், அதுவும் "99 சதவீதம் விளக்கப்பட்டது" என்ற பெருமையோடு. அந்த 99ஐப் பார்த்து மகிழ்ந்து ஆய்வேட்டில் ஏற்றியவர்கள் உண்டு.

மென்பொருள்கள் இதில் ஒரே மாதிரி நடப்பதில்லை. எஸ்.பி.எஸ்.எஸ்.ஸில் 'ஃபேக்டர்' பட்டியலுக்குள் போனால், நாம் எதையும் மாற்றாத வரை அது ஒட்டுறவு அணியை எடுத்துக்கொள்ளும். எனவே எல்லாப் பத்திகளும் ஒரே எடையில் நிற்கும். ஆர் மொழியின் 'பிஆர்காம்ப்' அப்படியல்ல. சராசரியைக் கழிக்கும், ஆனால் அளவைச் சமமாக்கச் சொல்லி 'ஸ்கேல்' என்பதற்கு 'ட்ரூ' கொடுத்தால்தான் வகுக்கும். பைத்தானின் சைக்கிட்-லேர்னும் சராசரியைக் கழிப்பதோடு நிறுத்திவிடும். சமமாக்கும் வேலையை முன்கூட்டியே நாம் செய்ய வேண்டும்.

கூறில் ஒரு பொருளுக்கு உள்ள எடையைக் குறிக்கும் லோடிங் என்ற சொல்லிலும் குழப்பம் உண்டு. மேலே பார்த்த அதே புளி-உப்புக் கணக்கில் ஆர் 0.707 என்று காட்டும், எஸ்.பி.எஸ்.எஸ். 0.949 என்று காட்டும். இரண்டும் சரி. பின்னது ஐகன் மதிப்பின் வர்க்கமூலத்தால் பெருக்கப்பட்டது. அதை அந்தக் கூறுக்கும் பொருளுக்கும் உள்ள ஒட்டுறவாகவே படிக்கலாம். முன்னதை அப்படிப் படிக்கக் கூடாது. "0.7க்கு மேல் இருந்தால் வலுவான லோடிங்" என்று ஏதோ கட்டுரையில் பார்த்த விதியை ஆர் தரும் எண்ணுக்குப் பொருத்தினால் பத்துப் பத்திகளில் ஒன்றுகூடத் தேறாமல் போகலாம்.

குறி மாறி வருவது வெறும் கண்கட்டு. ஒரு மென்பொருளில் வலப்பக்கம் போன கிணறுகள் இன்னொன்றில் இடப்பக்கம் போகும். கூட்டல் கழித்தல் குறியை முழுக்கத் திருப்பிப்போட்டாலும் கூறு அதேதான்.

இனி படம். இதற்குப் பைபிளாட் என்று பெயர், கே.ஆர். கேப்ரியல் 1971இல் அறிமுகப்படுத்தியது. புள்ளி ஒவ்வொன்றும் ஒரு கிணறு, அம்பு ஒவ்வொன்றும் ஒரு பத்தி. இரண்டு அம்புகள் ஒட்டிக்கொண்டு ஒரே திசையில் போனால் அந்தப் பொருள்கள் சேர்ந்து ஏறுகின்றன. மிளகும் சீரகமும் அப்படித்தான் போகும். நேரெதிராகப் போனால் ஒன்று கூடும்போது மற்றது குறைகிறது. செங்கோணத்தில் நின்றால் ஒன்றுக்கொன்று பேச்சுவார்த்தை இல்லை. ஒரு கிணற்றுப் புள்ளியிலிருந்து அம்பின் கோட்டுக்குச் செங்குத்து இறக்கினால், அது அம்பு முனைப் பக்கம் எவ்வளவு தூரம் விழுகிறதோ அந்த அளவுக்கு அந்தப் பொருள் சராசரியைவிட அதிகம். ஆரில் இந்தப் படத்துக்கும் ஒரு 'ஸ்கேல்' உண்டு. அதை ஒன்று என்று விட்டால் அம்புகளின் கோணத்தை நம்பலாம். பூஜ்ஜியம் என்று வைத்தால் புள்ளிகளுக்கு இடையேயான தூரத்தை நம்பலாம். ஒரே படத்தில் இரண்டையும் சேர்த்து நம்பி எழுதுவது வழக்கமாகிவிட்டது. வழக்கம் என்பதால் சரியாகிவிடாது.

தருமபுரி போன்ற கடினப் பாறை மண்ணில் முதல் கூறில் பெரும்பாலும் மின்கடத்துதிறன், சோடியம், குளோரைடு, மெக்னீசியம், சல்ஃபேட் என ஒரு கூட்டம் சேரும். மொத்தத்தில் "உப்புத் தண்ணியா, நல்ல தண்ணியா" என்ற கேள்வி அது. ரசத்தின் உறைப்பும் நீர்ப்பும் போலத்தான். உரமும் கழிவுநீரும் இறங்கிய ஊர்களில் நைட்ரேட்டும் இதனோடு சேரலாம், தனியாகவும் பிரியலாம்.

ஃபுளோரைடின் போக்கு வேறு. இங்குள்ள நைஸ், சார்னோக்கைட் பாறைகளில் இருக்கும் பயோடைட், ஹார்ன்பிளெண்ட், அபடைட் போன்ற கனிமங்களிலிருந்து அது கசிகிறது. தண்ணீரில் கால்சியம் நிறைய இருந்தால் ஃபுளோரைடு அதோடு சேர்ந்து படியப் பார்க்கும். காரத்தன்மையும் பைகார்பனேட்டும் கூடிய தண்ணீரில் கால்சியம் சுண்ணாம்பாகப் படிந்து வெளியேறிவிட, ஃபுளோரைடு தடையில்லாமல் கரைந்து நிற்கும். ஆகவே ஃபுளோரைடு அம்பு பி.ஹெச்., பைகார்பனேட் பக்கம் சாய்ந்தும் கால்சியத்துக்கு எதிரேயும் இருந்தால், படம் பாறையின் வேதியியலைப் பேசுகிறது என்று பொருள். இந்தத் தண்ணீர் உப்புக் கரிக்காது. குடிக்க நன்றாகவே இருக்கும். ரசத்தில் பெருங்காயத்தை மூக்காவது பிடித்துவிடும். ஃபுளோரைடுக்கு மணமும் இல்லை, சுவையும் இல்லை.

அட்டவணைக்குள் எதை விடுகிறோம் என்பதிலும் கவனம் வேண்டும். மிளகு, சீரகம் என்று தனித்தனிப் பத்திகள் வைத்துவிட்டு, பக்கத்திலேயே "ரசப்பொடி" என்று இன்னொரு பத்தியும் வைத்தால் மிளகை இரண்டு முறை எண்ணுகிறோம். தண்ணீர் அட்டவணைகளில் இது சர்வசாதாரணம். மொத்தக் கரைந்த திடப்பொருளை மின்கடத்துதிறனைப் பெருக்கியே எழுதிவிடுகிறார்கள். மொத்தக் கடினத்தன்மை கால்சியமும் மெக்னீசியமும் சேர்ந்தது. இவற்றையும் உள்ளே விட்டால் முதல் கூறு ஊதிப் பெருத்துக் காட்டும். அதேபோல் ஜவ்வரிசி ஆலைக் கழிவு இறங்கிய ஒரே ஒரு கிணறு இருந்தாலும் போதும், முதல் கூறு மொத்தமும் அந்தக் கிணற்றை நோக்கித் திரும்பிவிடும். உப்பைக் கொட்டிவிட்ட ஒரு வீட்டு ரசத்தை வைத்துக்கொண்டு மற்ற இருபத்தொன்பது வீட்டுக் கைப்பக்குவத்தைப் பேச முடியாது. அந்தக் கிணற்றை எடுத்துவிட்டு ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். மடக்கை எடுத்துப் போட்டும் பாருங்கள். அயனி அளவுகளுக்கு நீண்ட வால் இருப்பது இயல்பு. பி.ஹெச். மட்டும் ஏற்கெனவே மடக்கையில்தான் இருக்கிறது, அதைத் தொட வேண்டாம்.

எத்தனை கூறுகளை வைத்துக்கொள்வது? ஐகன் மதிப்பு ஒன்றுக்கு மேல் இருப்பதை மட்டும் வை என்பது கைசர் 1960இல் சொன்ன விதி. ஐகன் மதிப்புகளை வரிசையாக வரைந்த சரிவுப் படத்தில் முழங்கை மடங்கும் இடத்தோடு நிறுத்து என்பது கேட்டல் 1966இல் சொன்னது. எஸ்.பி.எஸ்.எஸ். முதல் விதியைக் கேட்காமலே பின்பற்றும். என் சண்டை இந்த விதியோடுதான். பத்துப் பத்திகளில் எதனோடும் அதிகம் ஒட்டாமல் ஃபுளோரைடு தனியே நின்றால், அது மூன்றாவது நான்காவது கூறில் 0.9 என்ற ஐகன் மதிப்போடு உட்கார்ந்திருக்கலாம். விதி அதை வெட்டி எறிந்துவிடும். முதல் இரண்டு கூறுகளின் படத்தில் ஃபுளோரைடு அம்பு குட்டையாகத் தெரியும். "ஃபுளோரைடுக்கு முக்கியத்துவம் இல்லை" என்று ஒரு வாக்கியம் அறிக்கையில் ஏறிவிடும். குட்டை அம்புக்கு அந்தப் பொருள் இல்லவே இல்லை. இந்தத் தளத்தில் அது சரியாகத் தெரியவில்லை, அடுத்த கூறைப் போட்டுப் பார் என்றுதான் அர்த்தம். அதிகம் வேறுபடுவதைத்தான் பி.சி.ஏ. முதலில் நிறுத்துகிறது. அதிகம் தீங்கு செய்வது எது என்று அதற்குத் தெரியாது, தெரியவும் வழியில்லை. எல்லாக் கிணற்றிலும் ஒரே சீராக ஃபுளோரைடு 3 மில்லிகிராம் இருந்தால், வேறுபாடே இல்லை என்பதால் பி.சி.ஏ. அதைக் கண்டுகொள்ளவே கண்டுகொள்ளாது.

கர்நாடகத்தில் பிறந்து உலகப் புள்ளியியலையே வளைத்த சி.ஆர். ராவ், இந்த முறையின் பயன்பாட்டையும் பொருள் கொள்ளலையும் பற்றியே 1964இல் 'சங்க்யா' இதழில் நீண்ட கட்டுரை எழுதினார். கணக்கு ஓடுவது ஒன்று, அதற்குப் பொருள் சொல்வது வேறொன்று என்பது புள்ளியியலாளர்களுக்குப் பழைய செய்தி. பொத்தானை அமுக்கும் நமக்குத்தான் அடிக்கடி மறந்துவிடுகிறது.

குடிநீருக்கான இந்தியத் தர நிர்ணயம் ஐ.எஸ். 10500 ஃபுளோரைடுக்கு விரும்பத்தக்க அளவு லிட்டருக்கு 1 மில்லிகிராம் என்றும், வேறு வழியில்லாதபோது 1.5 வரை என்றும் சொல்கிறது. இந்த 1.5ஐ எந்த அம்பும் காட்டாது. சராசரியைக் கழித்து வகுத்தபோதே அந்த எண் போய்விட்டது. ஆகவே மாணவர்களிடம் ஒரு வேண்டுகோள். பைபிளாட்டை அச்சிட்டு முடித்ததும் பழைய அட்டவணைக்குத் திரும்பி, ஃபுளோரைடு பத்தியைத் தனியே ஓடவிட்டு, 1.5க்கு மேல் இருக்கிற கிணறுகளின் பெயரை ஒரு தாளில் எழுதி அந்தந்த ஊராட்சி அலுவலகத்தில் கொடுங்கள். காய்ச்சினால் ஃபுளோரைடு போகாது, நீர் வற்ற வற்ற அடர்த்திதான் கூடும் என்பதையும் அங்கேயே சொல்லிவிட்டு வாருங்கள்.